மலைநாட்டு வீதியும் அதன் சாட்சிகளும்

டேஷ் கெமரா என்பது காரின் முன்கண்ணாடிக்கு உட்புறம், பின்வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கும் சிறிய ஒளிப்பதிவுக் கருவி. எஞ்சினை இயக்கியதும் அது தானாகவே பதியத் தொடங்கும். நினைவட்டை நிரம்பினால் பழைய பதிவை அழித்து அந்த இடத்தில் புதியதை எழுதும். வண்டி பலமாகக் குலுங்கினால் அந்த நேரத்துத் துண்டை மட்டும் அழியாமல் பூட்டி வைக்கும். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா வீதிகளில் ஓடும் தனியார் கார்களிலும் வேன்களிலும் இன்று இதைச் சாதாரணமாகக் காணலாம். கருவி புதிது, அது பதில் சொல்ல வந்திருக்கும் கேள்வி இந்த மலைகளில் ஏறக்குறைய இருநூறு வருடப் பழசு. மலைப்பாதையில் நடந்ததை யார் கண்டது? யார் சொன்னால் எடுபடும்?

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது மலைநாட்டுக்கு வண்டி போகும் பாதை கிடையாது. கண்டி மன்னர்கள் பாதை அமைக்காமல் விட்டது இயலாமையால் அல்ல. காடும் கணவாயுமே அவர்களுடைய கோட்டை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அதைச் சரியாகப் புரிந்துகொண்டார். மலைநாட்டைப் பிடித்து வைத்திருக்கப் பட்டாளத்தைவிட வீதி மேல் என்பது அவர் கணக்கு. கொழும்பு–கண்டி வீதி 1820களில் கப்டன் டோசனின் மேற்பார்வையில் எழுந்தது. கடுகண்ணாவையில் வீதி குடைந்து செல்லும் பாறையும், 1829இல் இறந்த டோசனின் நினைவுக் கோபுரமும் இன்றும் வழிப்போக்கர் கண்ணில் படுகின்றன. 1832இல் அவ்வழியே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. பதின்ம வயதிலேயே வீதிப் பணிக்கு அனுப்பப்பட்ட தோமஸ் ஸ்கின்னர் 1867 வரை தீவின் வீதிகளோடு வாழ்ந்து, ‘இலங்கையில் ஐம்பது ஆண்டுகள்’ என்ற தன்வரலாற்றையும் விட்டுச் சென்றார். அது 1891இல் வெளிவந்தது. ஆரம்பகால வீதிகளுக்காகக் கல் உடைத்தவர்கள் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் பிடித்து வரப்பட்ட கண்டிக் கிராமத்தார். அந்த முறை 1832இல்தான் ஒழிக்கப்பட்டது. அவர்கள் தம் கையால் எழுதி வைத்ததாக எதுவும் இல்லை. ஆகவே மலைநாட்டு வீதியின் முதல் அத்தியாயம் மேற்பார்வை செய்தவர்களின் வாக்குமூலமாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கோப்பியும் அதன்பின் தேயிலையும் இந்த வீதிகளைக் கிளை கிளையாகப் பிரித்தன. 1854இல் அமைந்த தோட்டத்துரைமார் சங்கம் ஆரம்பம் முதலே வீதியும் ரயிலும் கேட்டு அரசை நெருக்கியது. ரயில் 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் தொட்டது. ரயில் ஹட்டனை எட்டுவதற்குள் இலைத்துரு நோய் கோப்பியை ஏறக்குறைய முடித்துவிட்டிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் வைத்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இங்கே கவனிக்க வேண்டியது வீதியின் வடிவம். பாரமேற்றிய மாட்டு வண்டி ஏறக்கூடிய சரிவுக்கு ஏற்ப, மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டப்பட்ட பாதைகள் இவை. ரம்பொடைக் கணவாயிலும் கினிகத்தேனை ஏற்றத்திலும் இன்று பஸ் சாரதி ஒடித்துத் திருப்பும் முடக்குகள் பல, மாட்டின் மூச்சுக்காகப் போடப்பட்டவை. மாட்டு வண்டியின் வேகத்தில் எதிரே வருவதைக் கண்டு ஒதுங்க நேரம் இருந்தது. மோட்டார் வந்தபோது முடக்கு அப்படியே இருக்க, அந்த நேரம் மட்டும் போய்விட்டது.

மோட்டார் கார் இலங்கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில். 1904இலேயே இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் தோன்றிவிட்டது. தோட்டப்புறத்தில் கார் என்றால் அது துரையின் கார். அபூர்வமாக, வசதி படைத்த ஒரு பெரிய கங்காணியுடையதாக இருக்கலாம். துரை வரும்போது தொழிலாளர் வீதியோரம் ஒதுங்கி, தலைப்பாகையை அவிழ்த்து, குடையை மடக்கி நிற்பது அன்றைய ஒழுங்கு. கார் வந்தபின் ஒதுங்க வேண்டிய அவசரம் கூடியது. 1934 முதல் நுவரெலியாவுக்கு அருகே மாகஸ்தோட்டத் தோட்ட வீதியில் மலையேற்றக் கார்ப் பந்தயம் நடக்கத் தொடங்கியது. கொழுந்துக்கூடை போகும் வழியில் துரைமார் நொடிக் கடிகாரம் வைத்து ஓட்டினார்கள். அந்த வீதியில் துல்லியமாகப் பதிவானது பந்தயக் காரின் நேரம் ஒன்றுதான் என்றால் மிகையாகாது.

தோட்ட ரோட்டு அரசின் வீதி அல்ல, கம்பெனியின் சொத்து. உள்ளே வருபவரைத் தடுக்கவும் வெளியேற்றவும் துரைக்கு அதிகாரம் இருந்தது. தொழிற்சங்க அமைப்பாளர்கள் அத்துமீறல் குற்றத்துக்கு ஆளானதற்கும் அதுவே காரணம். வேலைக்கு வந்தவர் யார், எத்தனை இறாத்தல் கொழுந்து எடுத்தார் என்பதெல்லாம் கணக்குப்பிள்ளை செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் போட்டால்தான் உண்மை. விபத்துக்கும் அதே விதி. லொறி கவிழ்ந்து ஆள் செத்தால், அது எப்படி நடந்தது என்று மேலே எழுதுவது தோட்டத்து ஒப்பீஸ்.

அந்தக் காலத்தில் சாட்சியத்தின் நிலை எப்படி இருந்தது என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். வழியில் நடந்த அந்தச் சில நிமிடங்களை விசாரிக்க ஆணைக்குழுவே அமைக்க வேண்டியிருந்தது. சம்பவம் மலைநாட்டையும் தாண்டி அரசாங்க சபையைக் கலக்கியது. அடுத்த ஆண்டு மே மாதம், ஸ்டெலன்பர்க் தோட்டத்துரை போப், இரவு விருந்துக்குப் போய்த் தன் காரில் திரும்புகையில் தோட்ட வழியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தொழிலாளர் மீது வழக்கு நடந்து, இருவர் 1942இல் தூக்கிலிடப்பட்டனர். இருட்டு, தேயிலை மலை, ஒற்றைக் கார், பயந்த சாட்சிகள். துரை செத்த வழக்கில் தீர்ப்பு ஒரு வருடத்துக்குள் நிறைவேறியது. தொழிலாளி செத்த எத்தனையோ சம்பவங்கள் வழக்கு என்ற நிலைக்கே வந்ததில்லை.

சுதந்திரத்துக்குப் பின் சட்டம் ஒழுங்குபட்டது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வீதி விதிகளின் அடிப்படையானது. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தது. ஆனால் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தமிழருக்கு அரச பஸ்ஸின் ஸ்டியரிங் எட்டாக்கனியாகவே இருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது தோட்டத்து லொறியும் டிராக்டரும். அதிலும் பெரும்பாலும் கிளீனர் வேலை. கிளீனரைக் குறைவாக மதிப்பிட வேண்டியதில்லை. முடக்கில் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பதும், ஏற்றத்தில் நின்றுபோன லொறியின் சில்லுக்குக் கல் வைப்பதும், பள்ளத்தின் விளிம்புக்கு எத்தனை அங்குலம் இருக்கிறது என்று இறங்கி நின்று சொல்வதும் அவர்தான். கண்ணாடியும் கெமராவும் செய்யும் வேலையை அரை நூற்றாண்டு ஒரு மனிதன் செய்தான்.

எழுதாத விதிகளும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். முடக்குக்கு முன் ஹோர்ன் அடித்துப் பதில் ஹோர்னுக்குக் காது கொடுக்க வேண்டும். மூடுபனியில் முழு வெளிச்சம் போடக் கூடாது. போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் நிற்கும். உள்ளூர்ச் சாரதிகள் இவற்றை மீறுவது குறைவு. ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா காணக் கீழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இவை தெரியாது. சித்திரை மாத உரசல்களில் பாதிக்கு இதுவே காரணம் என்று ஹட்டன் வேன்காரர் எவரும் சொல்வார்.

உரசியபின் நடப்பதும் ஒரு வழக்கமாகவே படிந்திருந்தது. இரண்டு வண்டியும் நடு வீதியில் நிற்கும், பின்னால் வரிசை சேரும், கூட்டம் கூடும். காப்புறுதிக் கம்பெனியின் மதிப்பீட்டாளர் மோட்டார் சைக்கிளில் வந்து படம் எடுக்கும்வரை எவரும் வண்டியை நகர்த்த மாட்டார்கள். பொலிஸில் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும். தமிழில் சொன்ன தோட்டத்துச் சாரதி, தான் சொன்னதுதானா எழுதப்பட்டிருக்கிறது என்று வாசித்தறிய வழியின்றிக் கையொப்பமிட்ட சந்தர்ப்பங்கள் ஏராளம். 1987இல் தமிழும் அரசகரும மொழியானது. பொலிஸ் நிலையத்து மேசைக்கு அந்த மாற்றம் வந்து சேரப் பல வருடம் பிடித்தது. பெரிய காரில் வந்தவரும் ஆட்டோ ஓட்டியவரும் மோதிக்கொண்டால் யார் பக்கம் பேச்சு சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகள் சொந்த வண்டிக்கு வந்தது ஒரு தலைமுறைக்குள் நடந்த கதை. 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரத்தோடு முச்சக்கர வண்டி பரவியது. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினையைத் தீர்த்தது. ஆசிரியர்களும் வியாபாரிகளும், கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய் உழைத்தவர்களும் முதலில் ஆட்டோ, பிறகு வேன், பிறகு மாருதி ஆல்டோ போன்ற சிறு கார் என்று படிப்படியாக ஏறினார்கள். லீசிங் கட்டி வாங்கிய வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் அது குடும்பத்தின் மாதச் செலவில் விழும் கீறல். டேஷ் கெமராவுக்கு இங்கே கிடைத்த வரவேற்பை ஆடம்பர ஆசையாகக் கொள்வது தவறு. கடனில் வாங்கிய சொத்தைக் காக்கும் எண்ணமே அதில் அதிகம்.

கருவியின் பூர்வீகம் வேறெங்கோ இருக்கிறது. ஓடும் வண்டியின் முன்புறத்தில் கெமராவை வைத்துப் படம் பிடிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் எஞ்சின்களில் தொடங்கியது. 1907இல் வில்லியம் ஹார்பெக் கனடாவின் வன்கூவர், விக்டோரியா நகரங்களை டிராம் வண்டியின் முன்னிருந்து படமாக்கினார். அவர் 1912இல் டைட்டானிக்கோடு மூழ்கியவர். அதுவரை காட்சிக்காக இருந்ததைச் சாட்சியத்துக்கு மாற்றியது அமெரிக்கப் பொலிஸ். 1980களின் பிற்பகுதியில் ரோந்துக் கார்களில் வீடியோ நாடாக் கருவிகள் ஏறின. 1991இல் டெக்சஸில் ஒரு கொன்ஸ்டபிள் கொல்லப்பட்டதை அவருடைய காரில் இருந்த கெமராவே பதிந்தது. ரஷ்யாவில் போலி விபத்துக் காப்புறுதி மோசடிக்கு அஞ்சிய சாதாரண சாரதிகள் கெமராவை வாங்கினார்கள். 2013 பெப்ரவரியில் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்ததை உலகம் அத்தனை கோணங்களில் பார்த்தது அதனால்தான். யப்பானில் 2017இல் டோமெய் நெடுஞ்சாலையில் ஒரு காரை இன்னொருவர் மறித்து நிறுத்தியதால் தம்பதியர் உயிரிழந்த சம்பவத்துக்குப் பிறகு விற்பனை குபீரென உயர்ந்தது.

இந்த யப்பான் தொடர்பு மலைநாட்டுக்கு நேராகவே வந்தது. இலங்கை வாங்கும் பாவித்த கார்களில் பெரும்பகுதி யப்பானுடையது. சில வண்டிகள் முன்னைய உரிமையாளர் பொருத்திய கெமராவோடேயே கப்பலேறி வந்தன. எஞ்சினைப் போட்டதும் யப்பானிய மொழியில் வணக்கம் சொல்லும், பட்டியல் முழுக்க அதே மொழி. பொத்தானை ஊகத்தில் அழுத்திப் பழகியவர்களும், கழற்றி எறிந்தவர்களும் உண்டு. பிறகு மலிவான சீனக் கருவிகள் கடைக்கு வந்தன. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 ஆரம்பம்வரை தனியார் கார்களுக்கு வழி திறக்காததால் இருக்கும் வண்டியின் விலை எகிறியது. அதைப் பாதுகாக்கும் அக்கறையும் கூடவே ஏறியது.

சமவெளிக்காகச் செய்த கருவி மலையில் சில சிக்கல்களைச் சந்திக்கிறது. முதலாவது குலுக்கல் உணரி. கொழும்பு வீதிக்குச் சரியான அளவில் அதை வைத்துவிட்டுத் தோட்ட ரோட்டில் ஏறினால், ஒவ்வொரு குழியையும் விபத்தென்று எடுத்துக்கொண்டு துண்டு துண்டாகப் பூட்டும். பூட்டிய துண்டுகள் அழியாததால் அட்டை அவற்றாலேயே நிரம்பி, உண்மையான விபத்து நேரும்போது பதிய இடம் இருக்காது. டயகமவுக்கும் பொகவந்தலாவைக்கும் போகும் வண்டியில் உணரியை ஆகக் குறைந்த அளவில் வைப்பதே சரி. இரண்டாவது அட்டையின் கொள்ளளவு. முழு எச்டி தரத்தில் 32 ஜிபி அட்டை நான்கைந்து மணி நேரத்துக்கே காணும். காலையில் கினிகத்தேனையில் நடந்த உரசல், உணரி பூட்டாத அளவுக்கு மெல்லியதென்றால், மாலையில் திரும்பும்போது அழிந்துவிட்டிருக்கும்.

மூன்றாவது பனி. நானுஓயாவிலும் நுவரெலியாவிலும் பிற்பகலில் இறங்கும் மூடுபனியில் கெமரா மனிதக் கண்ணைவிட மோசமாகவே பார்க்கும். எதிர் வண்டியின் விளக்கு வெள்ளைத் திட்டாகப் பரவ, இலக்கத் தகடு கரைந்துவிடும். முன்கண்ணாடியின் உட்புறம் படியும் ஈரமும் சேர்ந்துகொள்ளும். நான்காவது, அதிகம் பேசப்படாதது, வில்லையின் அகலம். பெரும்பாலான டேஷ் கெமராக்கள் 120 பாகைக்கு மேல் விரிந்த காட்சியைப் பிடிப்பவை. அகன்ற வில்லையில் எதிரே வரும் வண்டி இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகத் தெரியும், ஓரத்தில் உள்ளவை விரைந்தோடுவதாகத் தோன்றும். ‘இவ்வளவு தூரம் இருந்ததே, ஏன் பிரேக் போடவில்லை’ என்று படத்தைப் பார்த்து ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வி சாரதிக்கு அநியாயமாகவும் அமையலாம். தேதியும் நேரமும் தவறாக இருந்தால் படத்தின் மதிப்பு பாதியாகும். இலங்கை நேரத்துக்கு மாற்றப்படாத கருவிகள் நிறையவே ஓடுகின்றன.

நீதிமன்றத்தில் இந்தப் படத்துக்கு இடமுண்டு. 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் இத்தகைய பதிவை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. அதற்குத் துணையாக வந்த 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், சம்பவம் நடக்கும்போதே கருவியால் எடுக்கப்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளை ஏற்கிறது. கருவி ஒழுங்காக இயங்கியிருக்க வேண்டும், பதிவில் கை வைத்திருக்கக் கூடாது, விசாரணைக்குக் குறித்த நாளுக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். முகநூலில் பாட்டுச் சேர்த்துப் போட்ட துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மூலப் பதிவு இருந்த அட்டையைத் துடைத்துவிட்டவர் இந்த நிபந்தனைகளில் தடுக்கி விழுவார். படம் பிடிக்கப்படுபவரின் தனியுரிமை இன்னொரு கேள்வி. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018இல், தொடர்ச்சியாகப் பதிவது தனிமனிதத் தரவுச் சட்டத்துக்கு முரண் என்றாலும் விபத்து வழக்கில் அந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. லயத்து வாசலையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தையும் நாள் முழுக்கப் பதிந்து போகும் கார்களைப் பற்றி இங்கே எவரும் இன்னும் பெரிதாகக் கேள்வி எழுப்பவில்லை. மலையகப் பெண்கள் கொழுந்தெடுப்பதைக் கேளாமலே படம் பிடித்துப் பழகிய நாட்டில் இது வியப்பல்ல. 2025 ஜூலையில் பொலிஸ் திணைக்களம், வீதிக் குற்றங்களைப் பொதுமக்கள் படமாகவே அனுப்ப ஒரு கைப்பேசிச் செயலியையும் தொடங்கியது.

கெமராவின் எல்லையைக் காட்டுபவை பெரிய விபத்துகளே. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா–ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலை ஒன்றின் மாணவரை ஏற்றி வந்த சுற்றுலா பஸ் ஒரு வேனையும் முச்சக்கர வண்டியையும் மோதியதில், ஹட்டனிலிருந்து வந்த வேனில் இருந்த ஆறு பேரும் முச்சக்கர வண்டிச் சாரதியும் இறந்தார்கள். அதன்பின் அந்தச் செங்குத்து வீதியில் கனரக வாகனங்கள் தடுக்கப்பட்டன. 2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருணாகலைக்குப் போன போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை கெரண்டிஎல்லயில் பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். முன்னால் நோக்கிய கெமரா இத்தகைய இடத்தில் கடைசி நொடிகளைக் காட்டும். சாரதி எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை, பிரேக் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது, எத்தனை பேர் நின்றுகொண்டு வந்தார்கள், வீதியோரத்தில் தடுப்பு ஏன் இல்லை என்பன அதன் காட்சிக்குள் வராதவை. அவற்றுக்குப் பராமரிப்புப் பதிவேடும் கடமை நேரப் பட்டியலும் திறக்கப்பட வேண்டும். அவை இன்றும் வண்டிக்காரக் கம்பெனிகளின், சபைகளின், திணைக்களங்களின் அலுமாரியில்தான் இருக்கின்றன.

சிறு உரசல்களில் நிலைமை வேறு, அங்கே கருவி உண்மையாகவே பலன் தருகிறது. யார் கோட்டைத் தாண்டினார், ஏறியது யார், இறங்கியது யார் என்பதை எந்த மொழியும் தேவைப்படாமல் அது காட்டிவிடுகிறது. ஹட்டன் மல்லியப்பூச் சந்தியில் பெரிய ஜீப்போடு உரசிய ஆல்டோக்காரருக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை. மலைநாட்டில் காரோட்டுபவர் செய்ய வேண்டியது சிறிது: உணரியைக் குறைத்து, நேரத்தைச் சரிசெய்து, 128 ஜிபி அட்டை போட்டு, ஏதாவது நடந்தால் வண்டியை நிறுத்திய கையோடு அட்டையைக் கழற்றி எடுத்து, அதில் எதையும் வெட்டாமல் வைத்திருங்கள்.